மீட்டரில் மஞ்சள் விளக்கு: செக் என்ஜின் லைட் ஏன் எரிகிறது?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். விருதுநகர் தாண்டி, சாத்தூர் வருவதற்குள் மீட்டரில் மஞ்சளாக ஒரு சின்ன என்ஜின் படம் எரிகிறது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் மாறவில்லை, பிக்கப் குறையவில்லை, ஹீட் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "ஓரமா நிறுத்திரலாமா?" என்கிறார். பின்சீட்டிலிருந்து "அதெல்லாம் சென்சார் கோளாறா இருக்கும், போங்க" என்று ஒரு குரல். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, அந்த விளக்கு எதைக் கண்டு எரிகிறது என்பது தெரிய வேண்டும்.

அது பிறந்ததே புகைக்காக. சைலன்சர் வழியாக வெளியேறும் நச்சுவாயு அளவுக்கு மீறிப் போகிறதா என்று வண்டி தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும், மீறினால் ஓட்டுபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற பெயரில் இது கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) வண்டிகளில் 2010-ல் முதல் கட்டமாகவும் 2013-ல் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபோது கண்காணிப்பு இன்னும் இறுகியது. அதனால் கடந்த பத்து ஆண்டுகளில் புதிதாக வாங்கிய எந்தக் காரிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் படுகிற இடத்தை ஒட்டி, 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவது அதில்தான். வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிவதற்கும் இதுதான் காரணம். ஓட்டத்தில் நமக்குத் தெரியாத மாற்றம் புகையில் தெரிந்திருக்கும்.

என்ஜினை நடத்துவது ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டு என்ன வேகத்தில் சுற்றுகிறது, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பல சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற கணக்கை மனதில் வைத்து அது பெட்ரோலைத் தெளிக்கிறது. கூடவே ஒரு சரிபார்ப்பும் நடக்கிறது: இவ்வளவு காற்று வந்தது, இவ்வளவு பெட்ரோல் கொடுத்தேன், அப்படியானால் புகையில் இவ்வளவு ஆக்ஸிஜன்தான் இருக்க வேண்டும். வருகிற கணக்கு எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகாவிட்டால், ஒரு கோடு (code) எண்ணைக் குறித்துவைத்துக்கொள்கிறது.

ஆக, அந்தக் கோடு "இந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது" என்று மட்டும் சொல்கிறது. இந்தப் பொருள் போய்விட்டது, இதை மாற்று என்று சொல்வதில்லை. செக் என்ஜின் லைட்டுக்காக ஜனங்கள் வீணாக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த வித்தியாசம் தெரியாததால்தான் போகிறது என்பது நான் பார்த்தவரையில் உண்மை. என் பணமும் அப்படிப் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை கணக்கு பிசகினால் ஈசியூ உடனே விளக்கைப் போட்டுவிடுவதில்லை. பெரும்பாலான கோளாறுகளில், முதல் ஓட்டத்தில் வந்ததைச் சந்தேகமாகக் குறித்துவைத்து, அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு வந்தால்தான் விளக்கு எரியும். அதேபோல், கோளாறு சரியாகிவிட்டால் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சுத்தமாகப் போன பிறகு தானாக அணையும். அணைந்த பிறகும் அந்தக் கோடு நினைவில் இருக்கும். ஏறத்தாழ 40 முறை என்ஜின் குளிர்ந்து சூடான பிறகே அழியும். "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன், சரியாப்போச்சு" என்று சொல்பவர்களின் வண்டியில் இரண்டொரு நாளில் விளக்கு திரும்ப வருவது இதனால்தான். கழற்றியபோது அழிந்தது குறிப்பு மட்டும்தான்.

சாத்தூர் சாலையில் நிறுத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருவோம். விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லை என்றால், வேகத்தைச் சற்றுக் குறைத்து ஊர் போய்ச் சேரலாம். ஓரிரு நாளில் ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட வேண்டும். விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் கதை வேறு. அப்போது என்ஜினில் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பத்திரமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். எண்ணெய்க் குவளை படமோ தெர்மாமீட்டர் படமோ சிவப்பாக எரிந்தால், அது செக் என்ஜின் விஷயமே இல்லை. ஆயில் அழுத்தமும் என்ஜின் சூடும் சம்பந்தப்பட்டது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

சரி, பெட்ரோல் வண்டியில் அடிக்கடி பார்க்கிற மிஸ்ஸிங்கிலிருந்து தொடங்குகிறேன். நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக வெடிக்காவிட்டால், அந்த ஒரு நொடித்துளியில் கிராங்க் சற்றுத் தளர்ந்து சுற்றும். கிராங்க் சென்சார் அதைப் பிடித்துவிடும். எந்த சிலிண்டரின் முறை அது என்பதும் ஈசியூவுக்குத் தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. எதுவென்று நிலையாக இல்லாமல் மாறிமாறி அடித்தால் பி0300.

பி0302 வந்த ஒரு வண்டியை எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் புதுப் பொருள் எதையும் வாங்கிவரச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் மேல் இருந்த, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலை ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றி எடுத்தார். மூன்றாவதில் இருந்ததை இங்கே மாட்டினார், இங்கே இருந்ததை மூன்றாவதில் மாட்டினார். கோடை அழித்தார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்றார். திரும்பி வந்து ஸ்கேனரைச் செருகினால் பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. காயில்தான் குற்றவாளி என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது. கோடு 0302-லேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார், அதிலும் நகராவிட்டால் இன்ஜெக்டர், அதன் பிறகு கம்ப்ரெஷன். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண எனக்கு இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை.

மிஸ்ஸிங்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் அடுத்த அடி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு. சைலன்சர் வரிசையில் என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த டப்பாவுக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நச்சுவாயுவை மாற்றும் வேலையை அந்தப் பூச்சுதான் செய்கிறது, விலை கூடுவதும் அதனால்தான். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல பத்தாயிரங்களில் வந்து நிற்கும். மினுக்கும் விளக்குக்கு உடனே நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

அந்தக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் உண்டு. 1976-ல் வால்வோ காரில் பாஷ் நிறுவனம் ஆக்ஸிஜன் சென்சாரை முதலில் கொண்டுவந்தது. சாதாரண வகை சென்சார் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவிலும், பெட்ரோல் கூடிப்போயிருந்தால் 0.9 வோல்ட் அளவிலும் காட்டும். முன் சென்சார் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பின் சென்சார் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். பின்னாலிருப்பதும் முன்னாலிருப்பதைப் போலவே ஆடினால், நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஈசியூ முடிவுகட்டும். அதுதான் பெயர்போன பி0420. ஆனால் சைலன்சர் இணைப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் பின் சென்சார் குழம்பிப்போகும். கன்வெர்ட்டருக்கு விலை கேட்பதற்கு முன் அந்த இணைப்பின் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பணம் போன கதை இந்த இடத்தில்தான் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்தால் பி0171. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு" என்று சொல்லி முன் சென்சாரை மாற்றினார்கள். பில்லைக் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். நான்காம் நாள் காலையில் அதே விளக்கு, அதே எண்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். என்ஜினை ஐடிலில் விட்டு, பேனட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு இன்டேக் பக்கம் போகிற கறுப்பு ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவில் விரலை வைத்து அழுத்தியதும் ஐடில் சத்தம் மாறியது. கழற்றி மடக்கிக் காட்டினார். வளைவின் உள்பக்கம், நகத்தால் கீறியது போல ஒரு வெடிப்பு. என்ஜின் சூட்டில் பல வருடம் வெந்து ரப்பர் இறுகிப்போயிருந்தது. என் வண்டியில் காற்றை அளக்கிற சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு இந்த வெடிப்பு வழியாகப் புகுந்த காற்று எந்தக் கணக்கிலும் வரவில்லை. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோலும் தெளிக்கப்படவில்லை. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியது. அதை ஆக்ஸிஜன் சென்சார் உள்ளது உள்ளபடி சொன்னது. உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான் நான் காசு கொடுத்துக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஹோஸ் விலை சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பி0171-க்கு வேறு காரணங்களும் உண்டு. காற்றை அளக்கும் சென்சாரின் கம்பியில் தூசி படிந்திருக்கலாம். எண்ணெய் தடவி மாட்டுகிற வகை ஏர் ஃபில்டர் போட்ட வண்டிகளில் அந்த எண்ணெயே போய் ஒட்டிக்கொள்வதுண்டு. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். வெளியில் வாங்கி மாட்டிய சிஎன்ஜி, எல்பிஜி கிட்டின் டியூனிங் சரியில்லாவிட்டாலும் இதே எண் வரும். இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, சுத்தப் பெட்ரோலைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் ஈசியூ தானே சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே அழுக்கடைந்த இன்ஜெக்டரோடு எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியில் அந்தக் கூடுதல் சுமை எல்லையைத் தாண்ட வைக்கலாம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலும் சந்தேகப் பட்டியலில் வரும்.

அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியல்களில் பெரிதாகப் பேசப்படாத, நம் ஊரில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய காரணம் எலி. மழைக்காலத்தில் நான்கு நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் பேனட்டைத் திறந்து பாருங்கள். என்ஜின் மூடியின் மேல் புழுக்கை, பேட்டரி ஓரத்தில் தேங்காய் நார், பாதி கடித்த எலும்புத் துண்டு. சென்சார் வயர்கள் விரல் தடிமன்கூட இல்லாதவை. அதன் மேலுறையைக் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருக்கும். எலிக் கடியின் அடையாளம் ஒன்று சொல்கிறேன்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் ஒரே நேரத்தில் வரும். நாலு சென்சார் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. அப்போது பார்க்க வேண்டியது வயரிங், எர்த், பேட்டரி. கடிபட்ட இடத்தை முறுக்கி டேப் சுற்றி விடாமல், சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். முறுக்கி விட்ட இணைப்பு அடுத்த மழையில் பச்சை பூத்து, அதே விளக்கைத் திரும்பக் கொண்டுவரும். புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. வாசனை இருக்கிற சில நாளுக்கு உதவுகிறது. வண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து ஓட்டுவது அதைவிட உதவுகிறது.

தண்ணீரும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இன்று பலருக்கும் தெரியும். முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்து, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்த வண்டிகளிலும் சில வாரம் கழித்து விளக்கு எரியலாம். வயர்களை இணைக்கிற கப்ளருக்குள் புகுந்த ஈரம் பின்களை மெல்ல அரிக்கிறது. கப்ளரைப் பிரித்துப் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லி, பழைய பழக்கத்தில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டியில் அது கணக்கில் வராமல் போயிருக்கலாம். இன்றைய வண்டியில், இவ்வளவு நேரம் ஓடியும் கூலன்ட் ஏன் சூடாகவில்லை என்று ஈசியூ கேட்கும். பி0128 வரும். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும், மைலேஜ் விழும். கழற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிஎஸ்-6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. புகைக்கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் ஃபில்டர் நிறைந்துவிட்டால், வண்டி அதை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி உள்ளேயே எரித்துச் சாம்பலாக்கும். இதற்குச் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட் என்று தினம் நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறோம். முதலில் டிபிஎஃப் விளக்கு வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் செக் என்ஜின் சேர்ந்துகொள்ளும், பிறகு பிக்கப்பே இல்லாமல் வண்டி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வழியாகத்தான் எரிக்க முடியும். டிபிஎஃப் விளக்கு வந்த அன்றே பைபாஸில் இருபது முப்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். தினசரி ஓட்டம் ஊருக்குள் மட்டும்தான் என்றால் டீசல் வாங்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற ஈஜிஆர் வால்வில் கரி படிவதும் இதே வகை ஓட்டத்தில்தான் அதிகம்.

பெட்ரோல் டாங்க் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் விளக்கு எரியும் என்று இணையத்தில் எங்கும் படிப்பீர்கள். டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று சோதிப்பது அமெரிக்கச் சட்டத்தில் கட்டாயம், அங்கே அது உண்மை. ஐரோப்பிய விதிகளைத் தழுவிய நம் வண்டிகளில் பெரும்பாலும் அந்தக் கசிவுச் சோதனை கிடையாது. மூடியை இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. அதை மட்டும் நம்பி ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேனர் இன்று மெக்கானிக் கையில் மட்டும் இல்லை. ப்ளூடூத்தில் போனோடு பேசுகிற சின்ன ஓபிடி கருவி ஒன்று வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவைத்தால், எந்த ஊர்ச் சாலையிலும் கோடை நீங்களே படிக்கலாம். அதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒன்று இருக்கும். விளக்கு எரிவதற்குக் காரணமான அந்த நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று பதிந்திருக்கும். அழிப்பதற்கு முன் கோடையும் இதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் விடும்போது "செக் என்ஜின் லைட் வருது" என்பதோடு நிறுத்தாமல், எப்போது வந்தது, மழையிலா, பங்க்கில் போட்ட உடனேயா, மேடேறும்போதா, அதற்கு முந்தின வாரம் எந்த வேலை பார்த்தது என்று சொல்லுங்கள். சர்வீஸ் முடிந்த மறுநாள் வந்த விளக்கு என்றால், மாட்ட மறந்த கப்ளரோ சரியாக உட்காராத ஏர் ஃபில்டர் பெட்டியோ முதலில் பார்க்க வேண்டியவை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த விளக்கை இன்னொரு விதமாகப் பார்க்க வேண்டும். சாவியைப் போட்டு, செல்ஃப் எடுப்பதற்கு முன் நிறுத்துங்கள். அந்த நிலையில் செக் என்ஜின் லைட் எரிந்தே ஆக வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால், மீட்டரில் யாரோ கைவைத்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனரைச் செருகி, ரெடினெஸ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேட்டலிட்டிக், ஆக்ஸிஜன் சென்சார் என ஒவ்வொரு சோதனையும் முடிந்ததா என்று அதில் இருக்கும். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், அன்று காலையில் நீங்கள் வருவதற்கு முன் யாரோ கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். "ரெண்டு நாள் ஓட்டிட்டு, நூறு கிலோமீட்டர் போனதுக்கு அப்புறம் திரும்ப ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு அட்வான்ஸ் தர்றேன்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.